பாலாறு கடலில் சேரும் இடத்துக் காற்று



பாலாறு என்றதும், மைசூரில் வாழும் தமிழ் நண்பர்களான உங்களில் பலருக்கு மாதேசுவரன் மலையிலிருந்து மேட்டூர் நோக்கி இறங்கும் சாலையும், மாநில எல்லைச் சாவடிக்கு அருகே காவிரியில் கலக்கும் சிற்றாறும் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது மற்றொரு பாலாற்றின் கரையைப் பற்றி. அதுவும் பழைய மைசூர் நாட்டில்தான் பிறக்கிறது. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கோலார்ப் பக்கமாக இறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரங்களைக் கடந்து, வயலூர் அருகே வங்கக் கடலில் சேருகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு. அந்த மணலுக்கு அடியில் ஊறும் நீரைத்தான் கல்பாக்கம் அணு வளாகம் தன் நன்னீர்த் தேவைக்கு எடுத்து வருகிறது. முகத்துவாரத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே சென்னை அணுமின் நிலையம் இருக்கிறது. அதை ஒட்டி இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். சுற்றிலும் சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், மீனவர் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள், நெல் வயல்கள்.

ஆற்று நீர் எங்கே போகும் என்பதை மணல் காட்டிவிடும். காற்று அப்படிப்பட்டதல்ல. அந்த வளாகத்தின் புகைபோக்கியிலிருந்து கதிரியக்கப் பொருள் வெளியே வந்தால் அது எந்தத் திசையில் போகும், எவ்வளவு நேரத்தில் போகும், எந்த ஊரில் தரையைத் தொடும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் பல ஆண்டுகளாக அங்கே நல்ல ஆராய்ச்சி நடந்து வருகிறது. அதைப் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. விடை மணிக்கு மணி மாறுகிறது என்பதுதான் அந்த ஆராய்ச்சி சொல்லும் முதல் செய்தி. அது தெரிந்திருக்க வேண்டியவர்கள் அந்தக் காற்றின் கீழே குடியிருப்பவர்கள். நான் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான்.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். அணு உலை இல்லாத ஊரின் காற்றிலும் கதிரியக்கம் உண்டு. மைசூரைத் தாங்கி நிற்கும் பாறையில் சிறிதளவு யுரேனியம் இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வளிமமாகி, மண்ணின் துளைகள் வழியே மேலே கசிகிறது. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் மானசகங்கோத்ரி வளாகத்தில் இந்த ரேடானையும், அதன் வழித்தோன்றல்களையும், காற்றின் மின்கடத்து திறனையும் நீண்ட காலம் சேர்த்தே அளந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இந்தப் பணி போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

அவர்கள் கண்டது இது. விடியற்காலையில் தரையருகே ரேடான் உச்சத்தில் இருக்கிறது. வெயில் ஏற ஏறக் குறைந்து, பிற்பகலில் மிகத் தாழ்ந்துவிடுகிறது. ரேடான் வெளிவிடும் கதிர்கள் காற்றை அயனியாக்குவதால் மின்கடத்து திறனும் அதன் கூடவே ஏறி இறங்குகிறது. மண்ணிலிருந்து வரும் ரேடானின் அளவு காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது காற்றின் கலக்கும் திறன். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்துப் படிந்து கிடக்கிறது. மேலே இருக்கும் வெப்பமான காற்று மூடிபோல் நிற்கிறது. மூடிய அறையில் ஏற்றிய மைசூர் ஊதுவத்தியின் புகை ஒரே கோடாக நீண்டு நிற்பதையும், மின்விசிறியைப் போட்டதும் சிதறிக் காணாமல் போவதையும் பார்த்திருப்பீர்கள். வத்தி அதேதான், புகையும் அதே அளவுதான். பகல் வெயில் அந்த விசிறியின் வேலையைத்தான் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரம் வரை செய்கிறது.

இந்த ஓர் உண்மையை எண்களாக மாற்றுவதற்கு அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1921இல் ஜி. ஐ. டெய்லர், கொந்தளிக்கும் ஓட்டத்தில் ஒரு துகள் எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பதற்கான கணித அடித்தளத்தை இட்டார். 1961இல் பிரிட்டிஷ் வானிலையாளர் ஃபிராங்க் பாஸ்க்வில் அதை எளிய நடைமுறையாக்கினார். காற்றின் வேகம், வெயிலின் கடுமை, மேகத்தின் அளவு ஆகிய மூன்றையும் பார்த்து, வளிமண்டலத்தை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்தார். ஏ என்றால் நன்றாகக் கலக்கும் உச்சி வெயில் காற்று; எஃப் என்றால் அசையாத இரவுக் காற்று. எந்த வகை என்று தெரிந்தால், புகைபோக்கியிலிருந்து நீளும் தாரை பக்கவாட்டில் எவ்வளவு விரியும், மேலும் கீழும் எவ்வளவு விரியும் என்பதை ஒரு வரைபடத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். கணினி கைக்கெட்டாத காலத்தில் உலகமெங்கும் அணு நிலையங்கள் இந்த முறையை நம்பியே வரம்புகளை வகுத்தன. இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு இதைத்தான் எடுக்கிறார்கள்.

இந்த முறைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. காற்று ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒரே மாதிரியான சமநிலத்தின் மேல் வீசுகிறது என்பதே அது. புல்வெளி நாடுகளில் சில கிலோமீட்டர் தூரத்துக்கு இது பொருந்தும். கல்பாக்கத்தில் பொருந்தாது. அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொதிக்கும் நிலம்.

சித்திரை, வைகாசியில் அந்தக் கரையில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். காலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி இருக்கும். சூரியன் ஏறுகிறது, மணலும் வயலும் சுடுகின்றன, கடல் நீரின் வெப்பம் அசைவதே இல்லை. நண்பகலை ஒட்டி நிலத்தின் மேலிருக்கும் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே நுழைகிறது. சிறிது நேரத்துக்குள் காற்றின் திசை ஏறத்தாழ எதிர்ப்புறமாகத் திரும்பிவிடுகிறது. கரையோர மீனவர்களுக்கு இந்த மாற்றம் வேளை உட்படத் தெரியும்; கட்டுமரத்தைத் தள்ளுவதும் கரை சேர்வதும் அதை வைத்துத்தான் இருந்தன. கடற்காற்று பல பத்து கிலோமீட்டர் உள்நாடு வரை போகும். தென்மேற்குப் பருவத்தில் மேலைக்காற்று எதிர்த்து நிற்பதால் அது தாமதித்து வரும். சில நாட்களில் வராமலே போகும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. இரண்டும் பாஸ்க்வில்லின் வரைபடத்தில் இல்லை.

முதலாவது, திரும்பி வருதல். காலையில் கடலை நோக்கிப் போன தாரையை “போய்த் தொலைந்தது” என்று எண்ணிவிட முடியாது. அதன் ஒரு பகுதி கரைக்கு அப்பால் தங்கியிருந்து, நண்பகலுக்குப் பின் கடற்காற்றோடு நிலத்துக்குத் திரும்பலாம். காலை எட்டு மணிக் காற்றை மட்டும் பார்த்து, ஆபத்து கடல் பக்கம் என்று முடிவு செய்தவர் பிற்பகலில் தவறிழைத்தவராவார்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அமைதியானது. அதில் மேல்கீழ்க் கலப்பு குறைவு. அது சுடும் நிலத்தின் மேல் ஏறியதும் அடியிலிருந்து சூடாகத் தொடங்குகிறது. கரையில் மெல்லியதாகத் தொடங்கும் இந்தக் கொந்தளிப்பு அடுக்கு, உள்ளே போகப் போகத் தடிக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதை உள் எல்லை அடுக்கு என்பார்கள். உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வரும் தாரை முதலில் இந்த அடுக்குக்கு மேலே, அமைதியான காற்றில், அதிகம் விரியாமல், செறிவு குறையாமல் மிதந்து போகிறது. அடியில் இருப்பவர்களுக்கு எதுவும் எட்டாது. சில கிலோமீட்டர் உள்ளே, தடித்துவரும் அடுக்கு தாரையின் உயரத்தை எட்டிப் பிடிக்கிறது. அந்த இடத்தில் தாரை முழுவதும் வேகமாகத் தரைக்கு இழுத்து வரப்படுகிறது. ஆகவே உலைக்கு மிக அருகே இருக்கும் குப்பத்தைவிடச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் தரைமட்டச் செறிவு கூடுதலாக இருக்க முடியும். நெருங்கினால் ஆபத்து, விலகினால் பாதுகாப்பு என்ற நம் இயல்பான கணக்கு இந்த இடத்தில் பிசகிவிடுகிறது.

இதை ஊகமாக விட்டுவிடாமல், கல்பாக்கத்தின் ஆய்வாளர்கள் அளந்தார்கள், கணித்தார்கள். ஆர். வெங்கடேசனும் உடன் பணியாற்றியோரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பழைய முறையைக் கரையோரத்துக்கு ஏற்பத் திருத்தியும், கடற்காற்றை முப்பரிமாணத்தில் கணிக்கும் மாதிரியைக் கொண்டும் அதே சிக்கலை அணுகியது. 2005இல் சி. வி. சீனிவாசும் வெங்கடேசனும் சேர்ந்து, வெப்பமண்டலக் கரையில் ஒரு கற்பனை விபத்து நேர்ந்தால் கதிரியக்கப் பொருள் எப்படிப் பரவும் என்று கணித்துக் காட்டினார்கள். கோபுரங்களில் காற்றளவிகள் வைத்தும், ஒலியலையை மேலே அனுப்பி அதன் எதிரொலியிலிருந்து காற்றைப் படிக்கும் கருவியைக் கொண்டும் கள அளவீடுகள் நடந்தன. இன்று வானிலையைக் கணிக்கும் டபிள்யூஆர்எஃப் மாதிரியோடு ஃப்ளெக்ஸ்பார்ட் என்ற துகள் மாதிரியை இணைக்கிறார்கள். பல்லாயிரம் கற்பனைத் துகள்களைப் புகைபோக்கி முனையில் விட்டு, ஒவ்வொன்றையும் காற்றோடு நடத்திச் சென்று, எங்கே சேர்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே அதன் வேலை.

கணக்கு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விபத்து நடக்கும்வரை காத்திருக்க முடியுமா? இங்கேதான் அந்த நிலையத்தின் ஒரு பழைய வடிவமைப்பு ஆய்வுக்கு உதவியது.

சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 1985இல். பிற்கால இந்தியக் கனநீர் உலைகளில் உலைக்கலனைச் சுற்றியுள்ள அறையில் நீர் நிரப்பியிருப்பார்கள். இந்த இரண்டிலும் அந்த அறையில் இருப்பது காற்று. காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு ஆர்கான் உண்டு. நியூட்ரான் பட்டதும் அது ஆர்கான்-41 என்ற கதிரியக்க வளிமமாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம். எதனோடும் வேதிவினை புரியாது, இலையில் படியாது, பாலில் சேராது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், பாதி சிதைவதற்குள் 33 கிலோமீட்டர் போய்விடும். இதனால் பொதுமக்களுக்குச் சேரும் அளவு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்திருக்கும் ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட் என்ற வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அது வெளிவிடும் காமா கதிர், தாரை தலைக்கு மேலே கடந்து போனாலே போதும், தரையில் உள்ள கருவியில் பதிவாகிவிடும்.

நிலையத்தைச் சுற்றிப் பல திசைகளில் நிறுத்திய காமா அளவிகள், தாரை எப்போது எந்தப் பக்கம் போனது என்று நாள்தோறும் எழுதிவைக்கின்றன. கடற்காற்று திரும்பிய வேளையை அந்தப் பதிவில் பார்க்கலாம். மாதிரி சொன்ன திசையும் கருவி காட்டிய திசையும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிடலாம். ஐரோப்பாவில் 1994 அக்டோபரில் இதே நோக்கத்துக்காகப் பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலிருந்து கதிரியக்கமற்ற ஒரு தடங்காட்டி வளிமத்தைக் காற்றில் விட்டு, 17 நாடுகளில் 168 இடங்களில் மாதிரி எடுத்தார்கள். அத்தனை பெரிய ஏற்பாட்டைச் சில நாட்களுக்குமேல் நடத்த முடியாது. பாலாற்று முகத்துவாரத்திலோ வழக்கமான வெளியேற்றமே ஆண்டுக்கணக்கில் தடங்காட்டியாக இருந்திருக்கிறது. வெளியேற்றமே இல்லாதிருந்தால் நன்று. பின்னாளில் வடிவமைப்பை மாற்றியதும் சரியே. இருக்கும்வரை அதை அறிவாக மாற்றிக்கொண்டவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இனி அறிவு இருந்தும் மக்களுக்கு எட்டாமல் போன கதை.

அதற்கு முன் ஒரு பாடம்: காற்றோடு மழை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் செர்னோபில் காட்டியது. 1986 ஏப்ரல் 26இல் உலை வெடித்தது. வெளியுலகம் அதை அறிந்தது 28ஆம் தேதி, சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு பணியாளரின் காலணியில் கதிரியக்கம் பதிவானபோது. அதே சுவீடனில் தாரை கடக்கும் நேரத்தில் மழை பெய்த யேவ்லே வட்டாரத்தில் சீசியம்-137 மிகுதியாக இறங்கியது. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. தூரத்தைவிட மழை பெய்த நேரம் பெரிதாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நம் கரைக்கு இது நேரடியாகப் பொருந்தும் பாடம்.

இப்போது நான் சொன்ன கதைக்கு, ஃபுகுஷிமாவுக்கு வருகிறேன். ஜப்பானிடம் ஸ்பீடி என்ற கணிப்பு அமைப்பு இருந்தது. அணு உலை விபத்தின்போது தாரையின் போக்கைச் சொல்வதற்கென்றே உருவாக்கியது. 2011 மார்ச் 11இல் சுனாமி வந்தது, மின்சாரம் போயிற்று, உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்ற தகவல் ஸ்பீடிக்கு வரவில்லை. எனவே மணிக்கு ஓர் அலகு வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். அளவு தெரியாத கணக்கை நம்ப முடியாது என்று அதிகாரிகள் ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் திசையைச் சொல்ல அளவு தேவையில்லை. ஓர் அலகு போகும் வழியில்தான் கோடி அலகும் போகும். காற்று பற்றிய பாதிக் கணக்கு முழுமையாகவே இருந்தது. அது மேசையில் கிடந்தது.

நமியே ஊர் மக்கள் ஆயிரக்கணக்கானோர் உலையிலிருந்து விலகிப் போவதாக எண்ணி, வடமேற்கே த்சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். மார்ச் 15இல் காற்று வடமேற்கே திரும்பியது. மழையும் பனியும் சேர்ந்தன. பெரிய தாரை அந்த வழியேதான் போனது. ஸ்பீடியின் முதல் படம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது மார்ச் 23இல். அதே திசையில், உலையைச் சுற்றி வரைந்த 30 கிலோமீட்டர் வட்டத்துக்கும் பெரும்பாலும் வெளியே இருந்த இதாதே கிராமம் வெளியேற்றப் பகுதியாக அறிவிக்கப்பட்டது ஏப்ரல் 22இல். அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. வட்டம் காற்றைப் பார்க்காமல் வரைந்தது. அன்றைய காற்று போன வழி வேறு.

நம் நாட்டிலும் திட்டங்கள் வட்டங்களாகவே இருக்கின்றன. உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை நெருக்கடித் திட்டப் பகுதி. வட்டம் தேவைதான், பேருந்து எத்தனை, அயோடின் மாத்திரை எத்தனை என்று முன்கூட்டியே கணக்கிட வேறு வழியில்லை. ஆனால் நொடிக்கு 5 மீட்டர் கடற்காற்று அந்த 16 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் வட்டத்தின் எந்தத் துண்டு என்ற கேள்விக்கு விடை வேண்டும். தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசினால் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டுப் பக்கம். தெற்கத்திக் காற்று என்றால் மாமல்லபுரம் பக்கம். வடகிழக்குப் பருவக்காற்று என்றால் பாலாற்றைத் தாண்டிக் கூவத்தூர், செய்யூர்ப் பக்கம். கல்பாக்கத்தில் இருக்கும் மாதிரிகளால் இதைச் சொல்ல முடியும். சொல்வது மாவட்ட ஆட்சியர் அலுவலகம்வரை போகவும் ஏற்பாடு உண்டு. அதற்கப்பால், ஊராட்சித் தலைவருக்கும், பள்ளித் தலைமையாசிரியருக்கும், படகுத்துறையில் நிற்பவருக்கும் அது பழகிய செய்தியாக இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

பீதியைக் கிளப்ப வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அந்தக் கரையைத் தாக்கியது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பணியாளர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். குடியிருப்பில் உயிர்கள் போயின. அப்படியொரு நாளில் தொலைபேசி இருக்காது, சாலை இருக்காது, மின்சாரம் இருக்காது. அன்று புதிதாகக் காற்றைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த முடியாது. முன்பே தெரிந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, சவுக்குத் தோப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டு, பக்கவாட்டில் விலக வேண்டும் என்று முடிவெடுக்க முடியும். தாரைக்கு முன்னால் ஓடுவதைவிட அதன் குறுக்கே விலகுவது மேல் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் செய்தி. வெளியேற நேரமில்லையென்றால் கதவு சன்னலை அடைத்து வீட்டுக்குள் இருப்பதும் ஒரு பாதுகாப்பு என்பதும் அப்படியே.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். புதுப்பட்டினத்திலும் வயலூரிலும் திருக்கழுக்குன்றத்திலும் பேருந்து நிலையத்தில் ஒரு பலகை. அதில் அந்த நேரத்துக் காற்றின் திசை, வேகம், காமா அளவு, மூன்றும் தமிழில். அளவுகள் வழக்கமாக எப்படி இருக்கும் என்று நாள்தோறும் பார்த்துப் பழகியவர் மாறுபாட்டைத் தாமே அறிவார். அடுத்து, கல்பாக்கத்தின் ஆய்வுக் கட்டுரைகளைப் பள்ளி ஆசிரியர் படிக்கும் தமிழில் எழுதித் தரும் பணி. இதில் மைசூருக்கும் பங்கு உண்டு: விடியற்காலை ரேடான் ஏன் உயர்கிறது என்று இங்கே அளந்தவர்களும், பிற்பகல் ஆர்கான் ஏன் உள்நாட்டுக்குத் திரும்புகிறது என்று அங்கே அளந்தவர்களும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்களை எழுதியிருக்கிறார்கள். இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளை அந்தப் பணிக்கு உதவ முன்வந்தால், இயன்ற உழைப்பைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

மூன்றாவது, ஒத்திகை. நிலையத்துக்கு வெளியே நெருக்கடி ஒத்திகைகள் முறையாக நடத்தப்படுகின்றன. அவற்றை ஒருமுறை பிற்பகல் கடற்காற்றிலும், ஒருமுறை விடியுமுன் அசையாத காற்றிலும், ஒருமுறை ஐப்பசி மழையிலும் நடத்திப் பார்க்க வேண்டும். கடற்காற்று நாளில் செங்கல்பட்டுச் சாலையில் பேருந்தை அனுப்பக் கூடாது. மாமல்லபுரம் சாலையும் பாலாற்றுப் பாலமும்தான் வழி. வாடைக்காற்று நாளில் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகக் கூடாது. வடக்கே போக வேண்டும். ஓட்டுநர்கள் கையில் இப்போதே இரண்டு வழித்தாள்கள் இருக்க வேண்டும். எந்தத் தாள் என்பதை அன்றைய காற்று சொல்லட்டும்.